ஓட்டுக் கொட்டகை ஒழுகுகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

தோட்டத்தில் சொந்தமாகச் சுவர் வைத்து, சொந்தமாகச் சட்டம் அறுத்து, சீமை ஓடு (மங்களூர் ஓடு) போட்ட சாமான் கொட்டகைக்காரர்களுக்கு இது. மோட்டார், மருந்தடிக்கும் டேங்க், உரமூட்டை, மாட்டுத் தீவனம் என்று ஈரம் படக்கூடாததெல்லாம் அதற்குள்தான் இருக்கும். முதல் மழையில் ஒரு சொட்டு விழுந்ததும் பலரும் செய்வது, ஒரு சட்டி சிமெண்ட் குழைத்துக்கொண்டு மேலே ஏறுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் வைத்த சிமெண்ட் ஒரே கோடையில் வெடித்துவிடும். வெடித்த கோடு வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, முன்பு போகாத இடத்துக்கெல்லாம் போகும். அப்புறம் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் நான்கு ஓட்டை உடைக்க வேண்டியிருக்கும்.

புதிதாகக் கட்டிய கொட்டகையில் ஒழுகல் பெரும்பாலும் ஓட்டின் குறை இல்லை, அடியில் இருக்கும் மரவேலையின் குறை. வாட்டம் (கூரைச் சாய்வு) போதவில்லை, ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளி தப்பு, கூரை மூலைமட்டத்தில் இல்லாமல் கோணலாக இருக்கிறது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க அறிகுறிதான் வழி.

முதலில்: எந்த மாதத்து மழைக்கு ஒழுகுகிறது?

நம்ம கொங்குப் பக்கத்தில் இந்த ஒரு கேள்வியே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அப்போது மழை கனமாக இருக்காது, சாரலாகத்தான் இருக்கும். ஆனால் காற்று அந்தச் சாரலை ஓட்டின் மேல் கீழிருந்து மேலாகத் தள்ளும். ஆனி, ஆடியில் மட்டும் ஒழுகினால் மேற்குப் பார்த்த சாய்வையும், மேற்கு ஓரத்தையும், கூரை உச்சியான மோட்டையும் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு மாதிரி. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும், விடாமல் பெய்யும். அதற்கு ஒழுகினால் உடைந்த ஓடு, மோட்டுச் சாந்து, சுவரும் கூரையும் சேரும் இடம் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். சித்திரையில் கோடை மழை சூறைக்காற்றோடு ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு புதிதாக ஒழுகினால் ஓடு நகர்ந்திருக்கிறது, அல்லது தென்னை மட்டை விழுந்து உடைந்திருக்கிறது.

மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். தொடங்கியவுடன் என்றால் திறந்த வழி, அதாவது விரிசல் அல்லது நழுவிய ஓடு. அரை மணி கழித்து என்றால் ஏதோ ஒன்று ஊறிய பிறகு இறங்குகிறது. மழை விட்டும் நிற்கவில்லை என்றால் ஓடும் ஓடும் பூட்டும் பள்ளமான காடியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே பாருங்கள்

உள்ளே புகுந்த தண்ணீர் நேராகக் கீழே விழாது. ஓட்டின் அடியிலேயே வழிந்து, ரீப்பரைத் தொட்டு, மோட்டிலிருந்து சுவருக்குச் சாயும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு ஆணியிலோ முடிச்சிலோ தடுக்கிய இடத்தில்தான் சொட்டும். மூன்று நான்கு அடி மேலேயிருந்து வந்திருக்கலாம். மரத்தில் ஈரக் கோடு தெரியும்போதே சாக்கட்டியால் குறித்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் தடம் கிடைக்காது.

மழை இல்லாத நாளில் உச்சி வெயில் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். நகர்ந்த ஓடும் உடைந்த ஓடும் வெளிச்சத்தில் தெரியும். காடிகளில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிவது எல்லா ஓட்டுக்கூரையிலும் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளிச்சம் வட்டப் புள்ளியாகத் தரையில் விழுகிறதென்றால் அங்கே வேலை இருக்கிறது.

அப்படியும் சிக்கவில்லை என்றால் ஹோஸ் பிடித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இறவாரத்து வரிசையில், அதாவது கூரையின் கீழ் விளிம்பு வரிசையில் தொடங்கி, ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடமாவது தண்ணீர் விட்டு, அப்புறம்தான் அடுத்த வரிசைக்கு ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா வரிசையும் நனைந்துவிடும், எதிலிருந்து வந்ததென்று தெரியாது. தண்ணீர் மழை விழுகிற மாதிரி மேலிருந்து விழட்டும். கீழே நின்று மேல் நோக்கி அடித்தால் நல்ல கூரையும் ஒழுகும்.

மேலே ஏறுவதானால் காய்ந்த கூரையில் மட்டும் ஏறுங்கள். ஓட்டின் நடு வயிற்றில் கால் வைக்கக் கூடாது. மேல் ஓடும் கீழ் ஓடும் சேர்ந்து ரீப்பரில் உட்காரும் இடத்தில்தான் மிதிக்கலாம். அதைவிட, மோட்டில் கொக்கி போட்டு மாட்டிய ஏணியில் படுத்த மாதிரி நகர்வது நல்லது. கொட்டகைக்கு மேலே மோட்டார் கரண்ட் லைன் போகிறதா என்று ஏணியைத் தூக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டுங்கள். தேளும் குளவிக் கூடும் இருக்கும் இடம் அது.

ஒரே இடத்தில், எந்த மழைக்கும் சொட்டுகிறது

இது சுலபமான பழுது. ஒரு ஓடு விரிந்திருக்கிறது. தென்னந்தோப்பில் இருக்கும் கொட்டகை என்றால் மட்டை விழுந்திருக்கும். மற்ற இடங்களில் இப்போதெல்லாம் மயில்தான் முக்கியக் காரணம். ஒரு ஆண் மயில் மோட்டில் வந்து இறங்கும் வேகத்தில் பழைய ஓடு தாங்காது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உண்டு. சந்தேகப்படும் ஓட்டை விரல் மடக்கித் தட்டுங்கள். நல்ல ஓடு கணீரென்று சொல்லும், விரிந்தது மொத்தென்று சொல்லும். மாற்றுவதற்கு, அதன் மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு ஓட்டையும் பக்கத்து ஓட்டையும் மரத்துண்டு வைத்து லேசாகத் தூக்கி, விரிந்ததை மேல்பக்கமாகத் தள்ளி மூக்கை (ஓட்டின் அடியில் ரீப்பரைப் பிடிக்கும் துருத்தலை) ரீப்பரிலிருந்து விடுவித்து, கீழ்ப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். மாற்று ஓடு கையில் இல்லை, மழை நெருங்கிவிட்டது என்றால் விரிசலுக்கு அடியில் ஒரு தகரத் துண்டைச் சொருகி வையுங்கள். அதன் மேல்முனை மேல் வரிசை ஓட்டுக்கு அடியிலும், கீழ்முனை கீழ் வரிசை ஓட்டுக்கு மேலேயும் இருக்க வேண்டும். ஒரு பருவம் தாங்கும்.

கொட்டகை கட்டும்போதே இருபது ஓடு கூடுதலாக வாங்கி மூலையில் அடுக்கி வைப்பவர்களுக்கு இந்த வேலை அரை மணி நேரம்தான். அதே அச்சில் ஓடு பின்னால் கிடைக்காது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காற்றோடு வரும் மழைக்கு மட்டும் ஒழுகுகிறது

வாட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டடி நீள ரசமட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தில் வைத்து, மட்டம் பார்த்துப் பிடித்து, மறுமுனையிலிருந்து கைமரம் வரை நேர் கீழே அளக்க வேண்டும். ஒரு அடி இருந்தால் சரி. காற்று பலமான பக்கத்தில் 14 அங்குலம் இருப்பது நல்லது, அது ஏறக்குறைய 30 பாகை. ஒன்பது, பத்து அங்குலம்தான் வருகிறதென்றால் உங்கள் ஓட்டில் குறை எதுவும் இல்லை. தகர ஷீட்டுக்கு ஏற்ற வாட்டத்தில் ஓடு போட்டிருக்கிறீர்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் இரண்டு, இரண்டரை அங்குலம்தான் ஏறியிருக்கும். வாட்டம் குறைந்தால் காற்று அந்தத் தூரத்தைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளிவிடும்.

இதற்கு இரண்டே தீர்வுதான். மோட்டைத் தூக்கிக் கைமரத்தை மாற்றுவது ஒன்று. ஓட்டுக்கு அடியில் ஒரு விரிப்புக் கொடுப்பது இன்னொன்று. விரிப்பு என்றவுடன் பலர் தார்ப்பாயைக் கைமரத்தின் மேல் போட்டு, அதன் மேலேயே ரீப்பரை அடித்துவிடுகிறார்கள். உள்ளே வரும் தண்ணீர் ஒவ்வொரு ரீப்பருக்கு மேலேயும் தேங்கி, ஓரிரு வருடத்தில் ரீப்பர் மக்கிவிடும். விரிப்புக்கு மேலே, கைமரத்தின் நீளவாக்கில் ஒரு மெல்லிய பட்டியலை (ஒல்லியான மரச்சட்டத்தை) முதலில் அடித்து, அதன் மேல் ரீப்பரை அடியுங்கள். தண்ணீர் ரீப்பருக்கு அடியிலேயே வழிந்து இறவாரத்தில் விழுந்துவிடும்.

வாட்டம் சரியாக இருந்தும் காற்றுக்கு ஒழுகுகிறதென்றால் ஓடு படபடத்துத் தூக்குகிறது. மோட்டை ஒட்டிய வரிசை, இறவாரத்து வரிசை, இரண்டு பக்க ஓரங்கள், இந்த நான்கு இடத்தில்தான் காற்று பிடிக்கும். சில ஓடுகளில் அடிப்பக்கத்து மூக்கில் சின்னத் துளை இருக்கும், கட்டுக்கம்பி கோத்து ரீப்பரோடு கட்டுவதற்கென்றே வைத்தது. துருப்பிடிக்காத கம்பியாகப் பார்த்து, அந்த நான்கு ஓரத்தையாவது கட்டுங்கள். மேற்கு ஓரத்துக்கு ஓரப்பலகை அடிப்பது கட்டாயம்.

இறவாரத்து வரிசை மட்டும் தலை கவிழ்ந்து, அடுத்த வரிசையோடு இடைவெளி தெரிகிறது

மற்ற எல்லா வரிசையும் தனக்குக் கீழே இருக்கும் ஓட்டின் மேல் வாலை வைத்து உட்காருகிறது. கடைசி வரிசைக்குக் கீழே ஓடு இல்லை. அதனால் இறவாரத்து ரீப்பர் மற்றதைவிட ஒரு ஓட்டின் கனத்துக்கு உயரமாக இருக்க வேண்டும். சொந்தமாகப் போடுபவர்கள் எல்லா ரீப்பரையும் ஒரே கனத்தில் வாங்கி அடித்துவிடுவதால் வரும் பழுது இது. கடைசி வரிசை ஓட்டை எடுத்து, ரீப்பர் மேல் ஒரு பட்டியலை அடித்து, திரும்ப வையுங்கள். ஒரு பொழுது வேலை.

ஓடு ஒன்றோடொன்று உட்காரவே மாட்டேன் என்கிறது

காடியில் ஓடு அழுந்தி உட்காராமல் ஆடிக்கொண்டிருக்கும், சில இடத்தில் விரல் நுழையும் சந்து, சில இடத்தில் ஒன்றை ஒன்று நெருக்கித் தூக்கி நிற்கும். மூன்று காரணம் இருக்கலாம்.

நம்ம பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஓடு எங்கே வாங்கியது என்பதை. பழைய வீடு பிரித்த ஓட்டை வாங்கிக் கொட்டகைக்குப் போடுவது வழக்கம், நல்ல வழக்கமும்கூட, ஏனென்றால் பழைய ஓடு நன்றாக வெந்தது. ஆனால் இரண்டு மூன்று வீட்டு ஓடு கலந்திருக்கும். ஒவ்வொரு கம்பெனி அச்சும் வேறு, காடியின் ஆழமும் இடமும் வேறு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று பூட்டாது. ஓட்டைத் திருப்பி, அச்சிட்ட பெயரைப் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். மேற்கு சாய்வு முழுக்க ஒரே பெயர், கிழக்கு சாய்வு வேறு பெயர் என்று போட்டால் பழுது தீர்ந்தது. சிலவற்றில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் பெயரும் 1865 என்ற வருடமும் இருக்கும். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் மிஷனுக்காக ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. அந்த ஓடு வார்த்த வருடம் என்று எடுத்துக்கொண்டு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ரீப்பர் இடைவெளி. பன்னிரண்டரை அங்குலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லோரும் அடித்துவிடுகிறார்கள். பொதுவாக அதற்குப் பக்கத்தில்தான் வரும், ஆனால் உங்கள் ஓட்டுக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஓடுதான் சொல்ல வேண்டும். பதினோரு ஓட்டைத் தரையில் குப்புறக் கவிழ்த்து, ஒன்றில் ஒன்று பூட்டி நீளவாக்கில் வரிசையாக வையுங்கள். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, முதல் ஓட்டு மூக்கிலிருந்து கடைசி ஓட்டு மூக்கு வரை அளங்கள். அப்புறம் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கி இன்னொரு தடவை அளங்கள். இரண்டையும் கூட்டி 20-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ரீப்பர் இடைவெளி. இழுத்ததற்கும் நெருக்கியதற்கும் நடுவில் இருப்பதால் மரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஓடு அட்ஜஸ்ட் ஆகிவிடும். அகலவாக்கிலும் இதேபோல் அளந்து பார்த்தால் ஓரத்தில் அரை ஓடு வெட்ட வேண்டிய தேவை வராது.

மூன்றாவது, கூரையே கோணலாக இருப்பது. இறவாரத்தில் நேராகத் தொடங்கிய ஓட்டு வரிசை மோட்டுக்குப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்தில் ஆப்பு மாதிரி இடைவெளி விட்டிருக்கும். ஒரு சாய்வின் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு அங்குல வித்தியாசத்தை ரீப்பரை மட்டும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். இறவாரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்கு 6 அடி, 8 அடி, குறுக்கே 10 அடி என்று மூலைமட்டம் எடுத்து ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ஓட்டு வரிசையை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், சுவரைப் பார்த்து அல்ல. மிச்சக் கோணல் ஓரப்பலகைக்குள் மறைந்துவிடும்.

மோட்டு ஓட்டில் கோடு விழுந்து, அடியில் ஈரம் கட்டுகிறது

சாந்து கெட்டியாக இருக்க வேண்டும் என்று சிமெண்டை அள்ளிப் போட்டதால் வருவது. வெயிலில் ஓடும் மரமும் நீளும், சுருங்கும். சிமெண்ட் கூடிய சாந்து அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டு சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, எம்-சாண்ட் ஆறு பங்கு என்று கலந்து பூசுங்கள். மோட்டு ஓட்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுத்தான் பதிக்க வேண்டும், காய்ந்த ஓடு சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு ஓரத்திலும், ஓடும் ஓடும் சேரும் இடத்திலும் மட்டும் சாந்து போதும். உள்ளே முழுக்க அடைத்தால் பாரம் கூடும், ஊறிய தண்ணீர் நேராக மோட்டு வளைக்கு (உச்சி விட்டத்துக்கு) இறங்கும். சாந்தின் முகம் மோட்டு ஓட்டின் விளிம்பை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியே இருக்கட்டும். சாயந்திரமாக வேலையை வைத்துக்கொண்டு, மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள்.

கூரை நடுவில் தொய்ந்திருக்கிறது, அல்லது சுவர்த்தலைக்குக் கீழே படுக்கைவாக்கில் விரிசல்

இங்கே ஒழுகலை மறந்துவிடுங்கள். இது ஆளைக் கொல்லும் பழுது.

கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி கொட்டகை, எல்லாப் பக்கமும் ஒரு அடி இறவாரம், இரண்டு சாய்வு என்றால் கூரை ஏறக்குறைய 190 சதுர அடி வரும். அதற்கு 260 ஓடு வேண்டும். ஒரு ஓடு இரண்டு முதல் மூன்று கிலோ. காய்ந்தபோதே 650 கிலோ தலைக்கு மேல் நிற்கிறது, நனைந்தால் இன்னும் கூடும். ரீப்பரின் குறுக்களவு இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலமாக இருந்து, கைமரம் இரண்டடிக்கு மேல் தள்ளி இருந்தால் ரீப்பர் தொய்யும். கொட்டகைக்கு உள்ளே பார்த்தால் ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் ஓடு பள்ளமாகத் தெரியும். நடுவில் ஒரு கைமரம் கூடுதலாகச் சேர்த்தால் அது தீர்ந்துவிடும்.

மோட்டு வளையே தாழ்ந்து, சுவர் வெளியே சாய்ந்திருந்தால் நிலைமை வேறு. எதிரெதிராகச் சாய்த்து வைத்த இரண்டு கைமரமும் பாரம் ஏறும்போது காலை வெளியே உதைக்கும். அந்த உதைப்பைப் பிடித்து நிறுத்தக் கீழே ஒரு குறுக்கு விட்டம் வேண்டும். உள்ளே இடம் அடைக்கிறது, ஏணி வைக்க முடியவில்லை என்று இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சுவர்த்தலையைச் சுற்றிப் போடும் பெல்ட் கான்கிரீட் இல்லாத நாலு அங்குல ஹாலோ பிளாக் சுவர் அந்த உதைப்பைத் தாங்காது. சுவரின் வெளிப்பக்கம் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். தலை வெளியே போயிருந்தால் சாமானையும் ஆளையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

முதலில் மோட்டு வளைக்கு அடியில் இரண்டு இடத்தில் முட்டுக் கொடுங்கள். அப்புறம் இரண்டு சாய்விலும் சமமாக, இங்கே ஒரு வரிசை அங்கே ஒரு வரிசை என்று ஓட்டை இறக்குங்கள். ஒரு பக்கம் முழுக்க இறக்கினால் மறுபக்கத்துப் பாரம் கூரையையே தள்ளிவிடும். பாரம் இறங்கிய பிறகு, சுவர்த்தலை உயரத்தில் எதிரெதிர்க் கைமரங்களைக் குறுக்கு விட்டத்தால் இணைத்து, ஆணி இல்லாமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒரு ஜோடி விட்டு ஒரு ஜோடிக்காவது இது வேண்டும். சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் அனுபவமுள்ள கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டிவிட்டு முடிவெடுங்கள். திரும்ப ஓடு ஏற்றும்போதும் இரண்டு பக்கமும் சமமாகவே ஏற்ற வேண்டும்.

சாளை (தோட்டத்து வீடு) சுவரை ஒட்டிய சாய்ப்பில், சுவர் ஓரமாக வழிகிறது

சுவரில் ஒரு காடி வெட்டி, வளைத்த தகரத்தின் ஒரு விளிம்பை அதில் செருகிப் பூசி, மறுவிளிம்பை ஓட்டின் மேல் ஆறு அங்குலம் படுக்க விடுங்கள். வெறும் சாந்துச் சரிவு மட்டும் வைத்தால் வருடா வருடம் விரியும்.

சொட்டு இல்லை, ஆனால் ஓட்டின் அடி கறுத்து நாள்கணக்கில் ஈரமாக இருக்கிறது

வேகாத ஓடு. சந்தேகம் இருந்தால் நன்றாகக் காய்ந்த ஒரு ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டுத் திரும்ப எடை போடுங்கள். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்த ஓடு கூரைக்கு ஆகாது. பாசி பிடித்திருப்பதுதான் காரணம் என்றால் கோடையில் காய்ந்த தென்னம் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிரஷர் பம்ப் வைத்து அடிக்காதீர்கள், ஓட்டின் மேல்தோலே போய்விடும்.

மழையே இல்லாத மார்கழி விடியலில் சொட்டுகிறது என்றால், கொட்டகையின் ஒரு பகுதியில் தகர ஷீட் இருக்கிறதா என்று பாருங்கள். இரவுக் குளிரில் ஷீட்டின் அடியில் வேர்த்துச் சொட்டுவது அது. மோட்டுக்குக் கீழே எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொரு காற்றுத் துளை விட்டு, எலி புகாமல் வலை அடித்தால் குறையும்.

ரீப்பரில் மண் கோடு

கரையான். சுவர் வழியாக ஏறி வந்திருக்கும். கோட்டைச் சுரண்டிவிட்டு, ரீப்பரை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த ரீப்பரை மாற்ற வேண்டும், மருந்து அடித்துப் பயனில்லை. பேக்கிங் பெட்டிப் பலகையிலிருந்து அறுத்த ரீப்பர்தான் முதலில் போகும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் கைமரத்துக்கு அதையே போடுங்கள். சுவர்த்தலையில் மரம் உட்காரும் இடத்தில் ஒரு தகரப் பட்டையை இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே மடிந்து நிற்கும்படி வைத்துவிட்டால், அடுத்த தடவை கரையான் ஏறும்போது மண் கோடு அந்த மடிப்பின் மேல் வெளிப்படையாகத் தெரியும். மாதம் ஒரு முறை அதைப் பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.